15க்கும் 50க்கும் நடுவே

1976 நவம்பரில் கனடாவில் டெரி ஃபாக்ஸ் என்ற 18 வயதுக் கல்லூரி மாணவர் ஓட்டிவந்த கார், முன்னால் போன பிக்கப் வண்டியில் மோதியது. வலது முழங்காலில் மட்டும் வலி. அடுத்த மார்ச்சில் வலி பொறுக்க முடியாமல் மருத்துவமனைக்குப் போனபோது, ஆஸ்டியோசர்கோமா என்றார்கள். எலும்புப் புற்று. முழங்காலுக்கு மேலே காலை எடுத்துவிட்டார்கள். விபத்துக்கும் புற்றுக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர்கள் சொல்லியும், அந்த மோதலில்தான் எல்லாம் தொடங்கியது என்று டெரி நம்பினார்.

காரணம் இல்லாத துன்பத்தை மனம் ஏற்பதில்லை. அவருக்கு ஒரு பிக்கப் வண்டி கிடைத்தது. நம் வீடுகளில் இதே செய்தி வந்தால், நலம் விசாரிக்க வருகிறவர்களில் யாராவது ஒருவர் "எந்த ஜென்மத்துப் பாவமோ" என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்து போகிறார். படுக்கையில் கிடக்கும் பிள்ளையின் காதிலும் அது விழுகிறது.

எலும்பிலேயே தோன்றும் புற்று அபூர்வம். எல்லாப் புற்றுநோய்களையும் சேர்த்து எண்ணினால் 1 சதவீதத்துக்கும் குறைவு. (மார்பகத்திலோ நுரையீரலிலோ தொடங்கி எலும்புக்குப் பரவுவது வேறு, அதுதான் அதிகம்.) ஆஸ்டியோசர்கோமா பெரும்பாலும் 10 வயதிலிருந்து 20க்குள், முழங்காலை ஒட்டி வருகிறது. பையன் கிடுகிடுவென்று வளர்கிறான், பேன்ட் எல்லாம் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது என்று அம்மா பூரிக்கும் பருவம் அது. வேகமாகப் பெருகும் எலும்புச் செல்களில் ஏதோ ஒன்று பிழையாகிறது. சிலருக்குப் பரம்பரை மரபணுக் கோளாறு இருக்கும். பெரும்பாலோருக்கு அதுவும் இல்லை.

தென்னாப்பிரிக்காவின் ஸ்வார்ட்கிரான்ஸ் குகையில் கிடைத்த ஒரு கால் எலும்புத் துண்டில் இதே புற்று இருந்ததை 2016இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். வயது சுமார் 17 லட்சம் ஆண்டுகள். பாவ புண்ணியம் பேச எந்த மதமும் பிறந்திராத காலத்து எலும்பு அது.

நோய்க்குக் காரணம் பாவம்தானா என்ற கேள்விக்கு மதங்களுமே ஒரே பதிலைச் சொல்லவில்லை. நமக்கு நேர்வதெல்லாம் முன்வினைதானா என்று சீவகன் என்ற துறவி கேட்டதற்கு, பித்தம், கபம், வாதம், பருவ மாற்றம் உட்பட எட்டுக் காரணங்களை அடுக்கினார் புத்தர். வினை அவற்றில் ஒன்றுதான். எல்லாமே வினை என்பவர்கள் தவறு என்றும் சொன்னார். பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீடர்கள் கேட்டபோது, இயேசு இரண்டையும் மறுத்தார். பௌத்த நூலான சம்யுத்த நிகாயத்திலும் யோவான் நற்செய்தியிலும் இவை பதிவாகியிருந்தும், நோயாளியின் தலைமாட்டில் பாவக் கணக்கு பேசுவது நிற்கவில்லை. அது பெருங்கொடுமை.

"ஏன் எனக்கு" என்பதை விட்டால் அடுத்த கேள்வி, "எத்தனை நாள்". பிழைக்க டெரிக்குச் சொல்லப்பட்ட வாய்ப்பு 50 சதவீதம். இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்திருந்தால் 15 என்றும் சொன்னார்கள். காலை எடுப்பதோடு நிறுத்தாமல் கீமோவும் கொடுக்கத் தொடங்கியதால் வந்த வித்தியாசம் அது. அந்த மருந்துகள் முதலில் ஏறியது, பிழைப்போமா என்று தெரியாமலே கையை நீட்டியவர்களின் நரம்பில். அவர்களில் பலர் இறந்துபோனார்கள். 16 மாதம் கீமோ எடுத்த வார்டில் டெரியும் கூடப் படுத்திருந்தவர்களின் சாவைப் பார்த்தார். முகம் தெரியாதவர்களிடம் பட்ட கடனாகத்தான் அவர் அந்த 50ஐ எடுத்துக்கொண்டார் என்று தோன்றுகிறது. முன்வினை என்று ஒன்று உண்டென்றால், அடுத்தவர் செய்துவைத்த இந்த நல்வினையையும் அந்தக் கணக்கில் எழுத வேண்டாமா?

புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட 1980 ஏப்ரல் 12 அன்று செயின்ட் ஜான்ஸ் நகரிலிருந்து டெரி ஓடத் தொடங்கினார். நல்ல காலில் இரண்டு தத்தல், செயற்கைக் காலில் ஒரு எட்டு. வெட்டிய இடம் உரசி ரத்தம் கசியும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 42 கிலோமீட்டர். 143வது நாள், தண்டர் பே நகரை நெருங்கும்போது, இருமலும் நெஞ்சுவலியும் நிறுத்திவிட்டன. புற்று நுரையீரலுக்குப் போயிருந்தது. அதற்குள் ஓடியிருந்த தூரம் 5,373 கிலோமீட்டர். 1981 ஜூன் 28 அன்று இறந்தார், வயது 22.

எலும்போடு நிற்கும்போதே கண்டுபிடித்தால் இன்று பத்தில் ஏழு பேர் ஐந்து ஆண்டைத் தாண்டுகிறார்கள். டெரிக்கு ஆனதுபோல் நுரையீரலுக்குப் பரவியிருந்தால், மூன்றில் ஒருவர்கூட இல்லை. எண்பதுகளுக்குப் பிறகு இந்தக் கணக்கு பெரிதாக நகரவில்லை; அபூர்வ நோய் என்பதால் புது மருந்தைச் சோதித்துப் பார்ப்பதற்குப் போதிய நோயாளிகள் ஒரே இடத்தில் கிடைப்பதே அரிது.