வாய் பேசா உயிரும் வளர்ப்போர் கடனும்

அன்பு செலுத்துவது எளிது. அன்பு செலுத்தப்படும் உயிருக்கு எது நன்மை என்று அறிவது அரிது. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவில்தான் அறத்தின் பெரும்பகுதி அடங்கியுள்ளது. மனிதர்க்கிடையே இத்தொலைவைச் சொல் ஓரளவு குறைத்துவிடுகிறது. பசித்தவன் கேட்பான், நோயுற்றவன் முனகுவான், வேண்டாதவன் மறுப்பான். வாய் பேசா உயிரிடத்தே அந்தத் துணையும் இல்லை. அங்கே அன்புடையார் செய்யத்தக்கது யாது என்பது ஆராய வேண்டிய வினாவாகும்.

இவ்வினாவை ஆராய யானையையும் புலியையும் தேடிக் காடு செல்ல வேண்டுவதில்லை. கூண்டில் வளரும் முயல் ஒன்றே போதும். ஜொகூர் பாரு, ஸ்கூடாய், மாசாய் முதலிய இடங்களில் நாய் வளர்க்க வசதியில்லாத வீடுகளிலும் முயலுக்கு இடம் கிடைத்துவிடுகிறது. அது குரைப்பதில்லை, அண்டை வீட்டாருக்குத் தொல்லை தருவதில்லை, குழந்தைகளின் மனத்தையோ கண்ட மாத்திரத்தில் கவர்ந்துவிடுகிறது. சீன நாட்காட்டியில் 2011, 2023 ஆகியவை முயல் ஆண்டுகள். அத்தகைய ஆண்டுகளில் பெருநாட் பரிசாக முயலை வாங்கிப் பின்னர்க் கைவிடலாகாது என்று விலங்கு நல ஆர்வலர்கள் எடுத்துரைப்பதுண்டு. வாங்குவது ஒரு நாள் மகிழ்ச்சி. வளர்ப்பதோ எட்டுப் பத்து ஆண்டுப் பொறுப்பு. அப்பொறுப்பு முழுவதும் சோதனைக்கு உள்ளாகும் வேளை ஒன்று உண்டு. அதுவே முயலுக்கு வயிற்று மந்தம் காணும் வேளை.

முயலின் வயிறு இயங்கும் முறை தனித்தன்மை வாய்ந்தது. ஐரோப்பியக் குழிமுயலின் வழிவந்த இவ்வுயிர் நாளெல்லாம் புல்லைக் கொறித்துக்கொண்டே இருக்கப் பிறந்தது. உண்ட புல்லின் நார்ச்சத்து குடலை ஓயாது அசையச் செய்கிறது. குருட்டுக்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் புல்லை நொதிக்கச் செய்து சத்தாக மாற்றுகின்றன. அச்சத்து மென்மையான உருண்டைகளாய் வெளிவர, முயல் அவற்றை மீண்டும் உண்டு பயன் பெறுகிறது. முயலால் வாந்தி எடுக்க இயலாது. உள்ளே சென்றது முன்னோக்கியே நகர்தல் வேண்டும். நார் குறைந்தாலோ, நீர் வற்றினாலோ, பல்வலி கண்டாலோ, அச்சமும் வெப்பமும் மிகுந்தாலோ குடலின் அசைவு தளர்கிறது. தளர்ந்ததும் உண்பது குறைகிறது. உண்பது குறைந்ததும் அசைவு மேலும் தளர்கிறது. நுண்ணுயிர்களின் சமநிலை குலைந்து, காற்று நிறைந்து, வலி பெருகுகிறது. அரை நாள் உண்ணாதிருந்தாலே முயலுக்கு ஆபத்து. ஒன்றிரண்டு நாளில் உயிரே பிரியவும் கூடும்.

இத்தனைக்கும் அது கத்துவதில்லை. கழுகுக்கும் நரிக்கும் இரையாகும் இனத்தில் பிறந்த உயிர், நோயை வெளிக்காட்டினால் அழிவு என்பதை இயல்பிலேயே கொண்டுள்ளது. ஆகவே வலியை மறைக்கிறது. மூலையில் கூனிக் குறுகி அமர்வதும், பல்லை நறநறவென்று கடிப்பதும், விரும்பிய தழையை முகர்ந்துவிட்டு முகம் திருப்புவதும், புழுக்கை சிறுத்து அருகி நின்றுபோவதுமே அதன் மொழி. விலங்கு உணர்வற்ற பொறியைப் போன்றது என்று பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் டேக்கார்ட் கருதினார். விலங்கு பேசுமா, சிந்திக்குமா என்பதன்று, துன்புறுமா என்பதே வினா என்று 1789-இல் வெளிவந்த நூலில் ஆங்கில அறிஞர் பெந்தாம் வாதிட்டார். காலை வேளையில் கூண்டின் அடித்தட்டைப் பார்த்து, நேற்றிருந்த அளவு புழுக்கை இன்றில்லையே என்று கவலை கொள்பவர் பெந்தாமைப் படித்திருக்க வேண்டுவதில்லை. அவ்வினாவுக்கு விடை அவர் செயலிலேயே இருக்கிறது.

இங்கே ஓர் உண்மையை மறைப்பதற்கில்லை. வீட்டு முயல்களுக்கு வரும் மந்தத்தில் பெரும்பங்கு வெறுப்பினால் வருவதன்று, அன்பினால் வருவது. குழந்தை தான் உண்ணும் பிஸ்கட்டில் பாதியை முயலுக்கு ஊட்டுகிறது. பாட்டி கனிந்த வாழைப்பழத்தைக் கொடுக்கிறார். முயல் என்றால் கேரட் என்று படக்கதைகள் கற்பித்ததை நம்பித் தந்தை கூடை நிறைய வாங்கி வருகிறார். இனிப்பும் மாவும் மிகுந்த இவ்வுணவுகளே குடலைக் குலைப்பன. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்னும் பழமொழி பிடிவாதக்காரனைக் குறிப்பதாயினும், வளர்ப்போர்க்கும் அது பொருந்தும். முயலுக்கு உண்மையில் எத்தனை கால் என்று குனிந்து பார்க்காமல், தம் விருப்பத்தையே முயலின் விருப்பம் என்று எண்ணுவோர் மூன்று கால் என்று சாதிப்பவரே ஆவர்.

தமிழ் மரபு கொடைமடம் என்னும் சொல்லைப் போற்றி வந்துள்ளது. மயில் குளிரால் நடுங்கிற்று என்று எண்ணிப் பேகன் போர்வை அளித்தான்; படரக் கொழுகொம்பின்றி வாடிய முல்லைக்குப் பாரி தேரை ஈந்தான். அம்மயிலுக்குப் போர்வை தேவையா என்று எவரும் வழக்காடுவதில்லை. அளித்தவனின் நெஞ்சமே அங்கே பாடுபொருள். கூண்டில் அடைபட்ட முயலின் நிலை வேறு. பேகனின் மயில் போர்வையை உதறிவிட்டுக் காட்டுக்குள் போகலாம்; முயலால் பிஸ்கட்டை விட்டுப் புல்வெளிக்குப் போக இயலாது. கொடுப்பவர் அறியாமையின் விலையைப் பெறுபவரே தம் உடலால் செலுத்த நேரும் இடத்தில், கொடைமடம் புகழாகாது. அங்கே அருளுக்கு அறிவு துணை நிற்றல் வேண்டும்.

அறிவு சொல்லும் வழி எளியதே. முயலின் உணவில் மிகப் பெரும்பகுதி உலர்புல்லாகவோ பசும்புல்லாகவோ இருத்தல் வேண்டும். குளிர்நாட்டுத் திமோத்தி உலர்புல் கப்பலேறி வந்து கடைகளில் விற்கப்படுகிறது. நேப்பியர் முதலிய தீவனப் புற்கள் இம்மண்ணிலேயே செழித்து வளர்கின்றன. பூச்சிமருந்து படாத இடத்தில் அறுத்துக் கழுவிக் கொடுக்கலாம். தூய நீர் எப்பொழுதும் அருகில் இருத்தல் வேண்டும். வெப்பநிலை 30 பாகையைத் தாண்டும் ஜொகூரின் நண்பகல் முயலுக்கு ஏற்றதன்று. காற்றோட்டமும் நிழலும் அதற்கு உணவு போன்றவை. நாள்தோறும் கூண்டை விட்டு ஓடியாட விடுதலும் வேண்டும். உடல் அசைந்தால் குடலும் அசையும்.

மந்தத்தின் அறிகுறி தோன்றியவுடன் செய்யத்தக்கவை சில. ஆரவாரமற்ற இடத்தில் முயலை வைத்தல். காதும் உடலும் குளிர்ந்திருந்தால் துணி சுற்றி மிதமான வெம்மை தருதல். நீரில் நனைத்த தழைகளையும் புதிய புல்லையும் முன்வைத்தல். இயன்றால் மெல்ல நடமாட விடுதல். இவற்றோடு காலம் தாழ்த்தாது மருத்துவரை அழைத்தல். வயிறு பறைபோல் உப்பி இறுகியிருந்தால் குடலில் அடைப்பு இருத்தல் கூடும். அந்நிலையில் வலிந்து ஊட்டுவது கேடு. அடைப்பில்லை என்று மருத்துவர் கூறிய பின்னரே, அரைத்த உலர்புல் கூழை ஊசி நீக்கிய சிரிஞ்சினால் வாயின் பக்கவாட்டில் சிறிது சிறிதாகப் புகட்டுதல் வேண்டும். அதுவும் அது விழுங்கும் வேகத்திற்கு ஏற்பவே. கொடுப்பவரின் அவசரத்திற்கு ஏற்ப அன்று. இரவில் பலமுறை எழுந்து செய்ய வேண்டிய பணி அது. அன்பு என்பது நெகிழ்ச்சி மட்டுமன்று, உறக்கம் விட்டுச் செய்யும் உழைப்பு என்பது அவ்விரவில் விளங்கும்.

வீட்டு வைத்தியத்தின் எல்லையை உணர்தலும் அவ்வறத்தின் பகுதியே. முயலின் வயிற்றில் முடி திரண்டு அடைப்பதே நோய்க்குக் காரணம் என்றும், அன்னாசிச் சாறு அம்முடியைக் கரைக்கும் என்றும் முன்னாளில் பலர் நம்பினர். அன்னாசிக்குப் பெயர்போன ஜொகூரில் இம்மருந்து எளிதில் கிட்டும். ஆயினும் அது முடியைக் கரைப்பதில்லை. அதன் இனிப்போ குடலுக்கு ஆகாது. தன்னை நக்கித் தூய்மை செய்யும் முயலின் வயிற்றில் முடி இருப்பது இயல்பு. குடல் தளர்ந்ததால் முடி தேங்குகிறதே அன்றி, முடியால் குடல் தளர்வது அரிது. மனிதர்க்குரிய மாத்திரைகளைக் கொடுப்பதும் தகாது. அமோக்சிசில்லின் போன்ற மருந்தை வாய்வழிக் கொடுத்தால், குருட்டுக்குடலின் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து முயல் இறக்கவும் நேரும். திருக்குறளின் 95-ஆம் அதிகாரம் மருந்தைப் பற்றியது. அங்கு வள்ளுவர் செரித்தலையும் அளவையும் வற்புறுத்துகிறார். நோயின் முதற்காரணத்தை ஆய்ந்து தெளிந்த பின்னரே தணிக்கும் வழியை நாடச் சொல்கிறார். கைக்குக் கிட்டியதைப் புகட்டுவது அம்முறையன்று.

இனி, ஒரு மறுப்பு எழும். கடையில் சிறு தொகைக்கு வாங்கிய முயலுக்கு அதைப்போல் பன்மடங்கு மருத்துவச் செலவு செய்வது அறிவுடைமையா? மெர்சிங்கிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து ஜொகூர் பாருவில் மருத்துவரைத் தேடுவது தகுமா? மனிதர் பலர் மருந்தின்றி வாடும் உலகில் இது வீண் ஆடம்பரம் அன்றோ? இம்மறுப்பைப் புறந்தள்ளலாகாது. குழந்தையின் பள்ளிச் செலவைக் கடனாக்கி முயலைக் காக்குமாறு எந்த அறநூலும் கட்டளையிடவில்லை. ஆயினும் மறுப்போர் ஒன்றை மறக்கின்றனர். முயலின் விலை வேறு. முயலுக்குப் பட்ட கடன் வேறு. காட்டில் திரியும் முயல் நோயுற்றால் எவரும் பொறுப்பல்லர். அதற்குப் புல்லைத் தேரும் உரிமை இருந்தது. ஓடும் வெளி இருந்தது. கூண்டு முயலிடமிருந்து இவ்விரண்டையும் எடுத்துக்கொண்டவர் மனிதர். எடுத்துக்கொண்டதற்கு ஈடு செய்வது இரக்கம் அன்று, நீதி. செலவுக்கு இயலாதவர் வாங்காமலிருப்பதே அந்நீதியின் முதற்படி. வாங்கியவர்க்கு இயன்ற அளவில் கடமை உண்டு. நோய் தீராத இடத்தில் வலியைத் தணித்து அமைதியான முடிவு தருவதும் அக்கடமையுள் அடங்கும்.

மலேசியச் சட்டமும் இக்கருத்தையே வழிமொழிகிறது. 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் 2017-இல் நடைமுறைக்கு வந்தது. விலங்கின் உரிமையாளர் அதற்குத் தக்க இடமும் தக்க உணவும் அளித்து, வலியினின்றும் நோயினின்றும் காக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. கொடுமை செய்வோர்க்கு 20,000 ரிங்கிட் முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். எனினும் எந்த அதிகாரியும் நள்ளிரவில் வீடு புகுந்து, முயல் உண்டதா என்று பார்க்க இயலாது. சட்டம் காணாத இடத்தில் மனச்சான்றே காவலாளி.

அவ்விடத்தில் மற்றொரு சாட்சியும் உண்டு. அது வீட்டுக் குழந்தை. முயல் உண்ணவில்லை என்று குழந்தை வந்து சொல்லும்பொழுது, முயல்தானே, போனால் வேறொன்று வாங்கலாம் என்று பெரியவர் கூறுவது ஒரு பாடம். உடனே எழுந்து, கூண்டைப் பார்த்து, அறிந்தவரைக் கேட்பது மற்றொரு பாடம். முதற்பாடத்தைக் கற்ற குழந்தை, தன்னை எதிர்த்துப் பேச இயலாத எவரையும் மாற்றத்தக்க பொருளாகக் கருதப் பழகும். பேச்சிழந்து படுக்கையில் கிடக்கும் முதியவரும் ஒருநாள் அதன் பொறுப்பில் இருப்பார். இரண்டாம் பாடத்தைக் கற்ற குழந்தை, சொல்லப்படாத துன்பத்தைத் தேடிக் காணப் பழகும். அருளுடைமையையும் இன்னா செய்யாமையையும் வகுப்பில் மனனம் செய்யும் மாணவர்க்கு, அவ்வதிகாரங்களின் பொருள் உலர்புல்லும் நீர்க்கிண்ணமுமாய் விளங்க வேண்டும். முயல் பிழைப்பதும் பிழையாததும் எப்பொழுதும் மனிதர் கையில் இல்லை. அதன் மௌனத்தைக் கேட்டறிய முயல்வது மட்டும் என்றும் அவர் கையிலேயே உள்ளது.