எது பொறுமை?

பொறுமையைப் போற்றாத அறநெறி இல்லை. ஆயினும் பொறுமையின் தோற்றத்திலேயே வேறொன்றும் மனத்துள் உலவுகிறது. செய்ய வேண்டியதை அச்சத்தாலோ அயர்ச்சியாலோ தள்ளிப்போடுவதே அது. இவ்விரண்டையும் பிரித்தறிவது எவ்வாறு? இரண்டு வயது நிறைந்தும் பேச்சு வராத குழந்தை இருக்கும் இல்லத்தில் இது ஏட்டுக் கேள்வியன்று. அன்றாடம் விடை காண வேண்டிய கேள்வி.

'இவன் தகப்பனும் தாமதமாகத்தான் பேசினான். பொறுத்திரு' என்பார் பாட்டி. அவரது அன்பில் ஐயமில்லை. தாமதமாகப் பேசத் தொடங்கிப் பின்னர் இயல்பாக வளரும் குழந்தைகளும் உண்டு. ஆனால் எக்குழந்தை தானே தேறும், எக்குழந்தைக்கு உதவி தேவை என்பதை வீட்டிலிருப்போர் முன்னரே அறிய இயலாது. ஓராண்டு நிறைந்தும் எதையும் சுட்டிக்காட்டாமை, 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லாமை, 2 வயதிலும் இரு சொற்களைத் தானாகச் சேர்த்துப் பேசாமை, கற்ற சொற்களை இழத்தல் ஆகியவை மருத்துவரிடம் காட்ட வேண்டிய அறிகுறிகள். செவித்திறனை முதலில் சோதிக்க வேண்டும். நாடெங்கும் 2013-இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் அமைந்த மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்களில் இத்தகைய பரிசோதனைகளும் பயிற்சிகளும் கிடைக்கின்றன.

மூளை மிக விரைந்து வளரும் பருவம் இது. இப்போது காத்திருந்தால் இழப்பு காத்திருப்பவருக்கன்று, குழந்தைக்கே. பிறருடைய காலத்தைச் செலவிட்டுக் காக்கும் பொறுமை அறமாகுமா?

'முன்வினைப் பயன்' என்று கூறி அமைபவரும் உளர். பசித்து வந்தவனின் முற்பிறவியை ஆராய்ந்த பின்னரா அவனுக்கு அன்னமிடுகிறோம்? செயலை நிறுத்துவதற்காகக் கூறப்படும் எவ்விளக்கமும் ஞானமாகாது. அது பெரும்பாலும் தாயின் மனத்தைப் புண்படுத்துவதிலேயே முடிகிறது.

அவ்வாறாயின் பொறுமைக்கு இங்கே இடமே இல்லையா? உண்டு. பேச்சுப் பயிற்சியாளரிடம் செல்வது வாரத்தில் ஓரிரு மணி நேரமே. எஞ்சிய பொழுதெல்லாம் பயிற்சிக்கூடம் வீடுதான். குழந்தை தண்ணீர்க் குவளையைப் பார்க்கிறது. அன்பு மிகுந்த தாய் கேட்குமுன்பே கொடுத்துவிடுகிறாள். அதற்கு மாறாக, தரையில் அமர்ந்து, குழந்தையின் முகத்துக்கு நேராகக் குவளையைக் காட்டி, 'தண்ணீர்' என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, மனத்துள் பத்து எண்ணும்வரை காத்திருக்கலாம். குழந்தை கையை நீட்டினாலும், 'த' என்று ஒலித்தாலும் அதையே சொல்லாக ஏற்று உடனே கொடுக்க வேண்டும். ஒன்றும் ஒலிக்கவில்லையெனில் மீண்டும் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். 'சொன்னால்தான் தருவேன்' என்பது பயிற்சியன்று; தண்டனை.

குளிக்கையிலும் உண்கையிலும், குழந்தை எதைப் பார்க்கிறதோ அதன் பெயரைச் சிறு சொற்றொடர்களில் கூறலாம். மும்பையிலும் டெல்லியிலும் வாழும் குடும்பங்கள் சில, இரு மொழி குழந்தையைக் குழப்பும் என்றஞ்சித் தாய்மொழியைக் கைவிடுகின்றன. இருமொழிச் சூழல் பேச்சுத் தாமதத்தை விளைவிப்பதில்லை. பெற்றோருக்கு இயல்பாக வரும் மொழியே குழந்தைக்கும் உகந்தது. கைபேசித் திரையோ ஓயாது பேசும்; குழந்தையின் மறுமொழிக்காகக் காத்திராது. இரண்டு வயதுக்குழந்தைக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. அதனினும் குறைவாயின் மேலும் நன்று.

விந்தை யாதெனில், ஈராண்டு காத்திருக்க இயன்ற வீட்டாரால் அந்தப் பத்து விநாடிகள் காத்திருக்க முடிவதில்லை. முன்னது யாரிடமும் எதையும் கேட்பதில்லை. பின்னதோ தன் அவசரத்தையும் தன் சொல்லையும் அடக்கிக் குழந்தையின்மீது முழுக் கவனம் வைக்கக் கோருகிறது. காத்திருக்கும்போது கவனம் எங்கே இருக்கிறது என்பதே பொறுமைக்கு உரைகல்.

இத்தனை முயன்றும் சில குழந்தைகளுக்குப் பேச்சு முழுமையாக வராமற்போகலாம். சைகையும் படங்களும் அவர்களுக்கு மொழியாகும். அவை பேச்சு வருவதைத் தடுப்பதுமில்லை. முயற்சி குழந்தைக்குச் செலுத்த வேண்டிய கடன். அன்போ அம்முயற்சியின் வெற்றிக்குத் தரப்படும் கூலியன்று. தாய் ஒருத்தியின் தோளில் மட்டும் ஏற்றப்படும் கடனுமன்று அது. தந்தையும் தாத்தாவும் பாட்டியும் தரையில் அமர்ந்து, குழந்தையின் முகம் பார்த்து, பத்து எண்ணக் கற்றுக்கொள்ள வேண்டும்.