தலைப்பாகை எல்லோருக்கும், பொன்னாடை யாருக்கு?

சுவாமித்தோப்புத் தலைமைப்பதிக்குள் வணங்கச் செல்லும் ஆண்கள் சட்டையைக் கழற்றி, தலையில் துணி கட்டிக்கொண்டே உள்ளே செல்கிறார்கள். வழக்கறிஞரும் பனையேறியும் அருகருகே நிற்கிறார்கள். ஓய்வுபெற்ற அதிகாரிக்கும் சுமை தூக்கும் தொழிலாளிக்கும் நெற்றியில் ஒரே வெண்ணாமம். அங்கே ஒருவர் தலைப்பாகை மற்றவர் தலைப்பாகையைவிட உயர்ந்ததும் இல்லை, தாழ்ந்ததும் இல்லை.

அதே மக்கள் ஊர் நிழல்தாங்கலின் திருவிழா இரவில் மேடை போடுகிறார்கள். ஊருக்கு உழைத்த பெரியவர் ஒருவரை அழைத்து, பொன்னாடை போர்த்தி, நாலு வார்த்தை நல்லதாகச் சொல்கிறார்கள். பந்தலின் ஓரத்தில் நின்று பார்க்கும் இளைஞன் ஒருவனுக்கு மனத்தில் கேள்வி எழக்கூடும். எல்லோரும் சமம் என்று பகலில் தலைப்பாகை கட்டியவர்கள், இரவில் ஒருவரை மட்டும் மேடையேற்றுவது ஏன்? சமத்துவம் உண்மையானால் இந்தப் பொன்னாடை எதற்கு?

தட்டிக்கழிக்கக்கூடிய கேள்வி அல்ல இது. இதற்குப் பதில் காண, அந்தத் தலைப்பாகை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அய்யா வைகுண்டர் பூமியில் நடமாடிய காலத்துத் திருவிதாங்கூரில் மரியாதை என்பது பிறப்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னாருக்கு இன்ன மரியாதை என்று தொட்டிலிலேயே முடிவாகியிருந்தது. தாழ்த்தப்பட்ட குடியில் பிறந்தவன் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது. அவன் வீட்டுப் பெண் மார்பை மறைக்கக் கூடாது. மேல்சாதியார் எதிரே வந்தால் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்ட வேண்டும். கூலியில்லாத ஊழியம் செய்ய வேண்டும். தலை இருப்பதற்கே தலைவரி கட்ட வேண்டும். வரி கேட்ட அரசு அந்தத் தலைக்கு மரியாதை மட்டும் தரவில்லை.

அந்தத் தலையில்தான் அய்யா பாகை கட்டச் சொன்னார். இன்னது செய்தவன் மட்டும் கட்டலாம், இத்தனை படித்தவன் மட்டும் கட்டலாம் என்று அவர் பிரிக்கவில்லை. மனிதனாக வந்து நிற்பதே போதுமான தகுதியாயிற்று. பள்ளியறையில் வைத்த கண்ணாடியில் வணங்க வந்தவன் தன் முகத்தையே காண்கிறான். குனிந்தே பழகிய முகம், அங்கே நாமமும் பாகையுமாக நிமிர்ந்து தெரிகிறது.

ஆகவே மரியாதை இரண்டு வகைப்படும். ஒன்று, மனிதராய்ப் பிறந்த எல்லோருக்கும் உரியது. அதைச் சம்பாதிக்க வேண்டியதில்லை, யாரும் பறிக்கவும் கூடாது. தலைப்பாகை அதன் அடையாளம். மற்றொன்று, செய்த தர்மத்துக்காகச் செலுத்துவது. அது கடன். ஒருவர் தன் வாழ்நாளை ஊருக்காகச் செலவழித்திருந்தால், ஊர் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. கடனைத் திருப்பிக் கொடுப்பதால் சமத்துவம் குலைவதில்லை. வாங்கியதை மறப்பதுதான் குற்றம்.

இந்த இரண்டும் ஒன்றையொன்று தின்னாமல் இருப்பதில்தான் சிக்கல் இருக்கிறது. ஒருவரை உயர்த்துவதற்காக இன்னொருவர் தலை குனிய வேண்டியிருந்தால், அந்த இரண்டாவது மரியாதை முதல் மரியாதையைத் தின்றுவிட்டது என்று பொருள். பழைய திருவிதாங்கூரில் நடந்தது அதுதான்.

அய்யாவழியின் தொடக்க கால வரலாறே இதற்கு வழிகாட்டுகிறது. அய்யா சீடர்கள் ஐவரைத் தெரிந்தெடுத்தார். பாண்டவர் பெயரால் அழைக்கப்பட்ட அந்த ஐவருக்கும் கிடைத்தது சிம்மாசனம் அல்ல, வேலை. அவர்களுள் சகாதேவன் எனப்பட்ட தாமரைக்குளம் அரிகோபாலன் சீடர் 1841இல் அகிலத்திரட்டு அம்மானையை எழுதினார். உறங்கும்போது அய்யா எழுப்பிச் சொல்லவே எழுதினேன் என்ற நிலையில்தான் அவர் நின்றார். தன் புலமை என்று உரிமை கொண்டாடவில்லை. 1939இல் அச்சேறும்வரை, ஏறத்தாழ நூறாண்டு, ஏட்டிலிருந்து ஏட்டுக்குப் படியெடுத்தவர்களின் கைகளில்தான் அந்த நூல் உயிரோடிருந்தது. அந்தக் கைகளில் பலவற்றுக்குப் பெயர் இல்லை.

வாகைப்பதியில் துவையல் தவசு இருந்த எழுநூறு குடும்பத்தாரும் அப்படித்தான். கடற்கரை வெயிலில் துவைத்து உடுத்தி, ஒருவேளை உண்டு, சுத்தத்தையும் ஒழுக்கத்தையும் ஒரு சமூகத்துக்கே பழக்கிக் காட்டியவர்கள் அவர்கள். ஒவ்வொருவருக்கும் சிலை வைக்க முடியாது. ஆனால் இன்றும் முத்திரிக் கிணற்றில் ஒருவர் நீர் இறைத்துக் கொடுக்க, இன்னொருவர் வாங்கிப் பருகி உள்ளே செல்கிறாரே, அந்தச் செயலே அவர்களுக்கான நினைவுச் சின்னம். முன்னோர் செய்ததைத் தொடர்ந்து செய்வதைவிட உயர்ந்த பொன்னாடை இல்லை.

கடனைச் செலுத்தும்போது சாதியும் சமயமும் குறுக்கே வரலாகாது என்பதும் அந்த வரலாற்றிலேயே இருக்கிறது. மன்னன் முன் அய்யாவுக்காகப் பேசிய பூவண்டர் ஆயர் குலத்தவர். ஒரு சாதிக்குள் அடங்கியிருப்பதாக எழுதித் தரச் சொன்னபோது அய்யா இணங்கவில்லை. ஆகவே நல்லது செய்தவர் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டுவிட்டு மரியாதை செய்வது அய்யாவின் பிள்ளைகளுக்கு அழகல்ல.

குமரி மண்ணில் இதற்கு நல்ல சான்று மார்ஷல் நேசமணி. அவர் கிறிஸ்தவர். நாகர்கோவில் நீதிமன்றத்தில் உயர்சாதி வழக்கறிஞர்களுக்கு நாற்காலியும் மற்றவர்களுக்கு முக்காலியும் போடப்பட்டிருந்த காலத்தில், இளம் வழக்கறிஞரான அவர் அந்த முக்காலியை ஏற்க மறுத்து, எல்லோருக்கும் நாற்காலி வரச் செய்தார் என்று இந்த மாவட்டத்தில் சொல்லுவார்கள். தலைக்குப் பாகை தந்த அய்யாவின் மக்களுக்கு, நாற்காலி கேட்ட அந்த மனிதரின் நியாயம் புரியாமல் போகாது.

பின்னர் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸை நடத்தி, தமிழ்ப் பகுதிகள் தாய்த் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று போராடியவர்களுக்கு அவர் தலைமை தாங்கினார். 1954 ஆகஸ்டு 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பலர் உயிர் துறந்தார்கள். 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்தில் சேர்ந்தன. 'மார்ஷல்' என்பது அவருக்கு எந்த ராணுவமும் கொடுத்த பட்டம் அல்ல, மக்கள் கொடுத்தது.

அவர் 1968இல் மறைந்தபோது நாகர்கோவில் நாடாளுமன்றத் தொகுதி காலியாயிற்று. 1969 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலில் அந்தத் தொகுதி மக்கள் பெருந்தலைவர் காமராசரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1967இல், அவர் பிறந்த விருதுநகரிலேயே தோற்றிருந்தார். ஒன்பது ஆண்டுகள் முதலமைச்சராக இருந்தவர். ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தவர். பசித்த பிள்ளைக்கு மதிய உணவு தந்தவர். அன்று அவர் கையில் கொடுப்பதற்குப் பதவி எதுவும் இல்லை. பதவியில் இருப்பவர் கழுத்தில் விழும் மாலை பெரும்பாலும் பதவிக்கு விழுவது. பதவி போன பின் விழும் மாலைதான் மனிதருக்கு உரியது. 1975இல் அவர் கண் மூடியபோது வாடகை வீட்டில்தான் இருந்தார். அவரிடமிருந்து லாபம் எதிர்பார்த்து மரியாதை செய்தவர்கள் ஏமாந்திருப்பார்கள். நன்றியால் செய்தவர்களுக்கு ஏமாற்றம் இல்லை.

மறைந்த தலைவர்களுக்குச் சிலையும் மணிமண்டபமும் இருக்கின்றன. உயிரோடு இருக்கும் முதியவர்களின் நிலை வேறு. 1954இல் இருபது வயது இளைஞனாகத் தெருவில் இறங்கியவர் இன்று தொண்ணூறைத் தாண்டியவர். எல்லைப் போராட்டத் தியாகிகளுக்கு அரசு ஓய்வூதியம் கொடுக்கிறது. நவம்பர் முதல் நாள் அவர்களை நினைவுகூர்கிறார்கள். படைவீரர்களுக்காக டிசம்பர் 7ஆம் நாள் கொடிநாள் வருகிறது. நல்லதுதான். ஆனால் ஆண்டில் மீதமுள்ள நாள்களில் அந்தப் பெரியவர் எங்கே இருக்கிறார்?

பெட்டி நிறையப் பொன்னாடை இருக்கும். மருந்து வாங்கி வர ஆள் இருக்காது. ஓய்வூதியம் தொடர ஆண்டுக்கொருமுறை உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்க வேண்டும். அலுவலகப் படியேறக் கால் வராது. எல்லையில் பனியில் நின்ற பழைய படைவீரர், பேச ஆளில்லாமல் திண்ணையில் அமர்ந்திருப்பார். அவரைக் கைபிடித்துக் கூட்டிப்போய்க் கையெழுத்துப் போட வைக்கும் பக்கத்து வீட்டுப் பையன், மேடையில் நூறு பேர் போர்த்தியதைவிடப் பெரிய மரியாதையைச் செய்துவிடுகிறான். தாழ்ந்து கிடப்பவரைத் தாங்குவதே தர்மம் என்பது அய்யாவின் உபதேசம். ஒரு காலத்தில் ஊரைத் தாங்கியவரே முதுமையில் தாழக் கிடந்தால், அவரைத் தாங்குவது தர்மமும் ஆகிறது, கடன் தீர்ப்பதும் ஆகிறது.

அப்படியானால் மேடையும் பொன்னாடையும் வீண்தானா என்றால், வீண் இல்லை. ஒரு பெரியவர் என்ன செய்தார் என்பதைப் பிள்ளைகள் காது கேட்க ஊரறியச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அது தெரியாமலே போகும். ஆனால் 'ஊரின் விடிவெள்ளி' என்று பட்டம் சூட்டுவதில் யாரும் எதையும் கற்றுக்கொள்வதில்லை. 'தாங்கலுக்குக் கிணறு வெட்ட இவர் தன் மனைவியின் நகையை அடகு வைத்தார்' என்று ஒரு செய்தியைச் சொன்னால், கேட்கும் பிள்ளை மறக்க மாட்டான். புகழ்ச்சி சுருங்கி, செய்தது விரிந்தால், அந்த மேடை பள்ளிக்கூடமாகிவிடும்.

கலி நுழையும் வாசலும் இந்த மேடைதான். நோட்டீஸில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று சண்டை வருகிறது. யாருக்கு முதல் மரியாதை என்று இரண்டு குடும்பம் பேசாமல் போகிறது. பணம் அதிகம் தந்தவருக்குப் பெரிய மாலையும், பந்தி முடிந்ததும் அண்டாவைத் தேய்த்துக் கழுவிய அம்மாவுக்கு வெறும் கையும் என்றாகிறது. தனக்கே காணிக்கை வேண்டாம் என்ற அய்யாவின் சன்னிதியில், காணிக்கையின் அளவைப் பார்த்து மனிதருக்கு மரியாதை அளப்பது எத்தகைய முரண் என்று அன்புக்கொடி மக்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. போற்றுகிற தலைவரைத் தெய்வமாக்கிவிட்டால், அவர் தவறே செய்யாதவர் என்று சாதிக்க வேண்டி வரும். பதியில் சிலைக்குப் பதிலாகக் கண்ணாடி இருப்பதை மறந்தவர்கள்தான் மனிதரைச் சிலையாக்குவார்கள். மனிதரை மனிதராகவே போற்றலாம். அவர் செய்த நன்மையை நன்றியோடு சொல்லலாம். தவறியதைப் பகையில்லாமல் சொல்லலாம். குறை தெரிந்த பிறகும் நிற்கிற மதிப்புதான் உறுதியான மதிப்பு.

அந்த இளைஞனின் கேள்விக்கு இனிப் பதில் சொல்லலாம். பொன்னாடை போர்த்திய பெரியவர், மேடையிலிருந்து இறங்கி, எல்லோரோடும் ஒரே வரிசையில் அமர்ந்து, அதே அன்னத்தை வாங்கி உண்ண முடிகிறதா? பக்கத்தில் அமர்ந்திருக்கும் கூலித் தொழிலாளி அவருக்காகச் சற்றும் ஒதுங்கிக்கொள்ளாமல் இயல்பாக இருக்க முடிகிறதா? முடிகிறது என்றால், அந்தப் பொன்னாடையால் தலைப்பாகைக்குக் குறைவில்லை. பொன்னாடை கிடைக்காத அண்டா கழுவிய அம்மாவின் பெயரும் அடுத்த ஆண்டு அதே மேடையில் சொல்லப்படுமானால், அந்த ஊரில் தர்மம் தழைக்கிறது.

மறுநாள் காலையில் அந்தப் பெரியவரும் பந்தலோரத்தில் நின்ற இளைஞனும் பள்ளியறை முன் நிற்பார்கள். பொன்னாடை வீட்டில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். இருவர் தலையிலும் ஒரே பாகை. இருவர் நெற்றியிலும் ஒரே நாமம். பெரியவருக்குக் கால் தடுமாறினால், இளைஞன் கை கொடுப்பான். அந்தக் கையைவிடப் பெரிய மரியாதையை எந்த மேடையும் தந்துவிடாது.

அய்யா உண்டு!