அன்பும் பழகினால்தான் வரும்

ஓம் சரவணபவ!

போன தைப்பூசத்துக்கு ஆட்டையாம்பட்டி வந்திருந்தேன். விரதம் இருந்து, பக்கத்திலுள்ள காளிப்பட்டி கந்தசாமி கோயிலுக்கு நடந்தே போனேன். கண் கலங்கிடுச்சு. "முருகா, உன் மேல எனக்கு எவ்வளவு அன்பு!" என்று நெஞ்சு நிறைந்து வீடு திரும்பினேன்.

திண்ணையில் ஆயா. அவங்களுக்கு மறதி நோய்.

"எப்ப சாமி வந்த?"

சொன்னேன். ஐந்து நிமிடத்தில் மறுபடி அதே கேள்வி. ஆறாவது தடவை கத்திவிட்டேன். அவங்க முகம் சுருங்கிப்போச்சு. ஆபீஸில் ஒரே புரோகிராமை முப்பது தடவை பொறுமையா டெஸ்ட் பண்றவன் நான்!

அப்போ கோயிலில் வந்தது பொய்யா? பொய்யில்லை. ஆனால் அது உணர்ச்சி. வரும், போகும். அன்பு என்பது பழக்கம்.

சின்ன வயதில் சென்னை கந்தகோட்டத்து முருகனிடம் உருகியவர் வள்ளலார். உருகியதோடு அவர் நிற்கவில்லை. 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கி அடுப்பு மூட்டினார். அந்த அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. பசியோடு வருகிறவர்களுக்குத் தினமும் சோறு. சமைப்பவரின் நெஞ்சு பொங்காத நாளிலும் அங்கே உலை பொங்கியாக வேண்டும்.

"மனசுல தோணாம செஞ்சா அது நடிப்புதானே?" என்று நண்பன் கேட்டான். எனக்குத் தோன்றிய பதில் இது: நடிக்கிறவன், யார் தன்னைப் பார்க்கிறார்கள் என்று பார்ப்பான். பழகுகிறவன், எதிரில் இருப்பவருக்கு என்ன வேண்டும் என்று பார்ப்பான்.

ஆயா கைமுறுக்கு சுற்றிக் குடும்பத்தைக் காப்பாத்தினவங்க. சின்ன வயதில் நானும் பக்கத்தில் உட்கார்ந்து சுற்றுவேன். பிய்ந்து பிய்ந்து போகும். ஒருநாளும் அவங்க கத்தினதில்லை. "மாவுலயே போட்டுப் பெசஞ்சு மறுபடி சுத்து சாமி" என்பாங்க.

இப்போது பெங்களூரில் இருந்து தினமும் ராத்திரி போன் பண்றேன். "எப்ப சாமி வருவ?" என்று பத்து தடவை கேக்கறாங்க. ஒவ்வொரு தடவையும் முதல் தடவை கேட்ட மாதிரி பதில் சொல்லப் பழகுறேன். ஏழாவது தடவையில் இன்னும் குரல் மாறிடுது. பரவாயில்லை, மறுநாள் மறுபடி சுத்தறேன்.

உங்க வீட்டிலும் உங்கள் பொறுமையைச் சோதிக்கிற ஒருத்தர் இருப்பாங்க. வர்ற சஷ்டியில், விரதத்தோடு சேர்த்து, அன்று ஒருநாள் மட்டும் அவங்ககிட்ட குரல் உயர்த்தாம இருந்து பாருங்க. உடைஞ்சா மறுபடி சுத்திக்கலாம்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!