வடக்கே போக வேண்டிய மண்

"மண்ணு எங்கியும் போவல தம்பி. மெரீனாவுல குந்திக்கினு சுண்டல் துன்றாங்களே, அது எங்க மண்ணுதான்."

இதைச் சொன்ன ஆயாவுக்கு எண்பது வயதுக்குக் குறையாது. மீன்கூடை சுமந்தே தேய்ந்த தலை. திருவொற்றியூரில் பட்டினத்தார் சமாதிக்கு வெளியே சாயங்காலமானால் வந்து உட்காருவார். சின்ன வயதில் தன் குப்பத்திலிருந்து கடலுக்குப் போகப் பனைமரங்களைத் தாண்டி, கால் சுடச்சுட மணலில் ஓட வேண்டியிருக்கும் என்று கையை நீட்டிக் காட்டினார். அந்தத் திசையில் இப்போது சாலை, சாலையை ஒட்டிக் கருங்கல் குவியல், அப்புறம் தண்ணீர். நான் வாயைத் திறக்கவில்லை. ஆயா சொன்னது அட்சர சுத்தமான விஞ்ஞானம் என்று எனக்குத் தெரியும். சென்னைத் துறைமுகத்தில் ஆழம் அளக்கும் படகில் 31 வருஷம் வேலை பார்த்தவன் நான்.

அந்த வேலையைக் கொஞ்சம் சொல்கிறேன். காலையில் படகு கிளம்பியதும் முதல் காரியம் கருவியைச் சோதிப்பது. இரும்புத் தகடு ஒன்றைச் சங்கிலியில் கட்டி 5 மீட்டர் இறக்குவோம். எக்கோ சவுண்டரும் 5 காட்ட வேண்டும். பிறகு 10. தண்ணீரின் உப்பும் சூடும் மாறினால் அதில் ஒலி போகும் வேகமும் மாறும். அதனால் நேற்றுச் சரியாக இருந்த கருவி இன்று பொய் சொல்லும். சோதித்து முடித்தபின் கப்பல் வரும் வாய்க்காலில் ஏர் ஓட்டுவது போல வரிசை வரிசையாகப் போய்வருவோம். காகிதச் சுருளில் கடலின் தரை கறுப்புக் கோடாக விழுந்துகொண்டே வரும்.

நான் சேர்ந்த புதிதில் இருந்த ஒரு பெரியவருக்குக் கருவி மேல் நம்பிக்கை கிடையாது. ஈயக்குண்டின் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் கிரீஸை அப்பிக் கயிற்றில் இறக்குவார். மேலே இழுத்ததும் கிரீஸில் ஒட்டியிருப்பதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்ப்பார். களியா, பொடிமணலா, சிப்பித் தூளா என்று விரல் சொல்லிவிடும். "புது மணல்டா. நேத்து வந்தது" என்பார். போன மாதம் அள்ளிய இடமாக இருக்கும் அது.

அள்ளுவது தூர்வாரும் கப்பலின் வேலை. தடித்த குழாயைக் கடல்தரையில் இழுத்துக்கொண்டே போய், மண்ணையும் தண்ணீரையும் உறிஞ்சி வயிற்றில் நிரப்பிக்கொள்ளும். நிறைந்ததும் வெளிக்கடலுக்குப் போய் அடிக்கதவைத் திறக்கும். சுற்றிலும் தண்ணீர் காப்பி நிறத்தில் விரியும். வயிறு காலியானதும் கப்பல் சற்று மேலே எழும்பி, திரும்பி வந்து மறுபடி குழாயை இறக்கும். இப்படி வருஷா வருஷம்.

எங்கள் படகில் மயிலாப்பூர்க்காரர் ஒருவர் இருந்தார். சந்தியாவந்தனம் தவறாதவர். இந்த வேலைக்கு அவர் வைத்த பெயர் நித்திய கருமம். நித்திய கருமத்தைச் செய்வதால் தனியாக ஒரு பலனும் கிடையாது, செய்யாமல் விட்டால் மட்டும் தோஷம் என்பது மீமாம்சகரில் ஒரு சாராரின் கட்சி. "நம்ம தொழிலைப் பார்த்துட்டுத்தான் எழுதியிருக்கான்" என்று சிரிப்பார். உண்மைதான். வாய்க்காலில் ஆழம் குறையாமல் இருந்தால் யாரும் வந்து மாலை போடுவதில்லை. ஒரு கப்பல் தரை தட்டட்டும், ஊரே கேட்கும். பலன் இல்லாத வேலையில் பாவமும் இருக்காது என்ற எண்ணத்தில் பல வருஷம் நிம்மதியாகத் தூங்கினேன். ஆயாவின் பேச்சு அந்தத் தூக்கத்தைக் கலைத்தது.

சென்னைக்கு இயற்கை கொடுத்த துறைமுகம் எதுவும் இல்லை. கப்பல்கள் எட்டவே நங்கூரம் போடும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த சலங்குப் படகுகளில் அலையைத் தாண்டிச் சரக்கும் ஆளும் கரை வந்து சேரும். நனையாமல் இறங்கியவர் பாக்கியவான். 1861இல் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் ஒன்று போட்டார்கள். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்ட, பார்க்ஸ் என்ற பொறியாளரின் திட்டப்படி இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் எழத் தொடங்கின. 1881 நவம்பரில் அடித்த புயல் அவற்றில் பெரும்பகுதியைப் பிய்த்துப் போட்டது. மறுபடியும் கட்டினார்கள். கிழக்கே திறந்திருந்த வாயிலில் அலையும் மணலும் புகுந்து தொல்லை கொடுக்க, 1904இல் தலைமைக்கு வந்த பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் காலத்தில் அதை அடைத்து வடகிழக்கில் வாயில் வைத்தார்கள். அந்தப் பிடிவாதத்தை நான் மெச்சுகிறேன். துறைமுகமே வேண்டாம் என்கிற கட்சி எனக்குக் கிடையாது. அதன் சோற்றைத் தின்று வளர்ந்த உடம்பு இது.

ஆனால் இந்தக் கரையின் மணல் ஓரிடத்தில் நிற்கும் சாதி இல்லை. வருஷத்தில் எட்டு ஒன்பது மாதம் கடலின் இழுப்பு தெற்கிலிருந்து வடக்கே. மீனவர் பேச்சில் அது தெண்டி. வாடைக்காலத்தில் திரும்பி வடக்கிலிருந்து தெற்கே வரும்; அது வன்னி. தெண்டி கொண்டுபோனதை வன்னி முழுசாகத் திருப்பித் தராது. ஆக, பல லட்சம் கனமீட்டர் மணல் கரையோரமாகவே ஆண்டுதோறும் வடக்கு நோக்கி நடக்கிறது. நடக்கிறவன் வழியில் சுவர் வைத்தால் என்ன ஆகும்? தெற்கே தேங்கினான். ஒரு காலத்தில் கோட்டைப் பக்கம் வரை அலை வந்த ஊரில் மைதானம் போல மணல் விரிந்தது. கவர்னர் கிராண்ட் டஃப் 1880களில் அங்கே உலாச் சாலை அமைத்து மெரீனா என்று பெயர் வைத்தார். சுவருக்கு வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கரைகளுக்கு வர வேண்டிய மணல் வரவில்லை. கடல் மட்டும் வந்தது.

பழவினை செய்தவனைத் தேடிப் போய்ச் சேரும், பல பசுக்களுக்கு நடுவே விட்டாலும் கன்று தன் தாயைக் கண்டுகொள்வது போல என்று நாலடியார் சொல்லும். பள்ளிக்கூடத்தில் உருப்போட்டது. இங்கே கன்று எந்தப் பசுவிடம் போயிற்று? சுவர் எழுப்பியவர்கள் பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். காற்று வாங்குகிறவர்கள் தெற்கே. வாசலை இழந்தவர்கள் வடக்கே. வினை ஒருவருடையது, நல்ல பலன் இன்னொருவருக்கு, கெட்ட பலன் மூன்றாமவருக்கு.

ஞாயிற்றுக்கிழமைகளில் சைவ சித்தாந்த வகுப்பு ஒன்றுக்குப் போகிறேன். நடத்துகிறவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். அவரிடமே கேட்டேன்.

"வினை சடம் ஐயா. அதுக்குக் கண்ணு கிடையாது. செஞ்சவன் யாருன்னு அதுக்கு எப்படித் தெரியும்? சேர்த்து வைக்க ஒருத்தன் வேணும். அதனாலதான் இறைவன் வேணும்னு சொல்றோம்" என்றார்.

"அப்ப வீடு போனவங்க?"

"அது அவங்க பிராரப்தம், இப்ப அனுபவிக்க வந்த பழவினை. துறைமுகம் வெறும் கருவி."

"என்னோட ஆழக் கணக்கைப் பாத்துத்தான் ஐயா மண்ணை அள்ளி வெளிக்கடல்ல கொட்டினாங்க. வடக்க போக வேண்டிய மண்ணு. அப்ப நானும் கருவிதானே?"

"கருவிக்கும் ஆகாமியம் ஏறும், அதாவது புது வினை" என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்க எழுந்தார்.

அவர் சொன்னதில் முதல் பாதி எனக்கு உடனே பிடித்துவிட்டது. மணலோடு 31 வருஷம் பழகியவனுக்கு சடம் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. இரண்டாம் பாதிதான் இன்றுவரை செரிக்கவில்லை. இழந்தவனிடம் போய் "உன் பழவினை" என்று சொல்லும் தத்துவம், எடுத்தவனுக்கு வசதியாகப் போய்விடுகிறது. மணிமேகலையில் இந்திர விழா எடுக்க மறந்தவன் சோழ மன்னன். கடல் கொண்டதோ புகார் நகரத்தை. அத்தனை பேருக்கும் அன்றைக்கென்று ஒரே பிராரப்தமா? அதே பட்டினத்து வணிகர் குலத்தில் பிறந்து, கப்பல் வாணிகத்தில் சேர்த்ததை எல்லாம் காதில்லாத ஓர் ஊசிக்காக உதறிவிட்டு வந்த பட்டினத்தார்தான் திருவொற்றியூர்க் கடற்கரையில் அடங்கியிருக்கிறார். அவர் கதையைப் பல விதமாகச் சொல்வார்கள். ஆயா சொல்லும் விதம் இது: பையன்களோடு விளையாடும்போது தன்னை மணலில் புதைக்கச் சொல்வாராம். இங்கே புதைத்தால் அங்கே எழுந்து வருவாராம்.

நான் இப்போது இப்படித்தான் யோசிக்கிறேன். பலன் தவறான ஆளிடம் போகவில்லை. இன்னும் வந்தே சேரவில்லை. பாதி வழியில் சுவருக்குத் தெற்கே நிற்கிறது, மீதி வெளிக்கடலின் அடியில் கிடக்கிறது. சேர்த்து வைக்க ஒருவன் வேண்டும் என்றாரே ஆசிரியர், மணல் விஷயத்தில் அந்த ஒருவன் துறைமுகத்துக்காரன்தான். இதற்கும் இறைவனைக் கூப்பிடுவது சோம்பேறித்தனம்.

இதுவரை நாம் செய்த பரிகாரம் கல் கொட்டியது. பிறகு கடலுக்குள் நீளும் கல்சுவர்களாகத் தூண்டில் வளைவுகள் போட்டோம். வளைவுக்குத் தெற்கே மணல் ஒதுங்கும், நிஜம்தான். வடக்கே அடுத்த குப்பம் அரிக்கத் தொடங்கும். அங்கேயும் ஒரு வளைவு. இப்படி அரிப்பு எண்ணூர்ப் பக்கம் நகர்ந்துகொண்டே போகிறது. அங்கே 2001 முதல் ஒரு துறைமுகம், அதற்கு மேலே காட்டுப்பள்ளியில் இன்னொன்று, அதற்கும் வடக்கே பழவேற்காடு. வீட்டைப் பெருக்கிக் குப்பையை அடுத்த வீட்டு வாசலில் தள்ளுவதற்குப் பரிகாரம் என்று பேர்.

வேறு வழி இல்லாமல் இல்லை. விசாகப்பட்டினத்தில் துறைமுகத்தின் தெற்குப் பக்கம் சேரும் மணலைத் தூர்வாரும் கப்பல் அள்ளி, வடக்கே ராமகிருஷ்ணா கடற்கரைக்குக் குழாய் வழியாகத் தள்ளும். ஒரு முறை அங்கே போயிருந்தபோது குழாய் வாயருகே நின்று பார்த்தேன். கறுப்புத் தண்ணீர் பீறிட்டுக் கொட்டுகிறது. தண்ணீர் வடிந்த இடத்தில் மணல் தங்குகிறது. குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தேன். பெரியவர் பழக்கிய விரல். நல்ல மணல்.

ஊர் திரும்பி ஆயாவிடம் சொன்னேன். "நம்ம ஊருக்கு எப்போ இட்டாருவாங்க?" என்று கேட்டார்.

படகில் இப்போது ஆழம் அளக்கும் தம்பிகளே, அள்ளிய மண்ணை எங்கே கொட்டுவது என்று முடிவாகும் காகிதம் உங்கள் மேஜையையும் தாண்டித்தான் போகும். களியை யாரும் கேட்கவில்லை. அதைக் கடலிலேயே கொட்டுங்கள். மணலாக இருந்தால், 'வெளிக்கடலில் வேண்டாம், வடக்குக் கரைக்குக் கொடுக்கலாம்' என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். நான் அந்த வரியை ஒரு தடவைகூட எழுதவில்லை.