உள்ளங்கை உயிரும் மருந்தின் அளவும்

தாயின் கருவறையில் இன்னும் மூன்று மாதம் இருந்திருக்க வேண்டிய குழந்தை, காலத்திற்கு முன்பே உலகிற்கு வந்துவிடுகிறது. அதன் எடை ஒரு கிலோவை எட்டவில்லை. அதன் உடலில் ஓடும் இரத்தம் முழுவதையும் திரட்டினாலும் ஒரு சிறு தேநீர்க் குவளை நிரம்பாது. அந்தச் சின்னஞ்சிறு இதயம் சோர்கிறது. மூளைக்கும் சிறுநீரகத்திற்கும் சென்று சேர வேண்டிய இரத்தம் குறைகிறது. இதயத்திற்கு வலுவூட்டும் மருந்து மருத்துவரிடம் உண்டு. ஆனால், எவ்வளவு கொடுப்பது? இதற்கு விடை காண்பதற்காக அத்தகைய குழந்தைகளையே சோதனைக்கு உட்படுத்தலாமா? சம்மதம் என்பதையே அறியாத ஓர் உயிரின் மீது சோதனை நடத்தும் உரிமை யாருக்கேனும் உண்டா? இதுவே ஈண்டு நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

சோதனை என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம் நெஞ்சம் திடுக்கிடுகிறது. அத்திடுக்கம் இயல்பானது, நல்லதும்கூட. எனினும், அதனை மட்டுமே வழிகாட்டியாகக் கொண்டு தீர்ப்புக் கூறிவிட இயலாது. 1037-ல் மறைந்த மாமேதை இப்னு ஸீனா, 'அல்கானூன்' என்னும் தம் மருத்துவப் பெருநூலின் இரண்டாம் பாகத்தில், மருந்துகளின் ஆற்றலை அனுபவத்தால் அறிவதற்குரிய நிபந்தனைகளை வகுத்துக் கூறுகிறார். மருந்தின் வலிமை நோயின் வலிமைக்கு ஏற்றதாக அமைய வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. மருந்தை மனித உடலிலேயே சோதித்தறிய வேண்டும். சிங்கத்திடமோ குதிரையிடமோ கண்ட பயன் மனிதனுக்கும் பொருந்தும் என்று கொள்வதற்கில்லை என்பது மற்றொன்று. குதிரை மனிதனுக்கு அளவுகோல் ஆகாதென்றால், வளர்ந்த மனிதன் குறைமாதக் குழந்தைக்கு அளவுகோல் ஆவானா? குழந்தை என்பது சிறிய உருவில் அமைந்த பெரியவன் அன்று.

இவ்வுண்மையை மருத்துவ உலகம் பெரும் விலை கொடுத்தே கற்றுக்கொண்டது. 1950-களில் குறைமாதக் குழந்தைகளை நோய்த்தொற்றிலிருந்து காப்பதற்காகக் குளோராம்பெனிகால் என்னும் மருந்தைத் தாராளமாகக் கொடுத்து வந்தனர். பெரியவர்களுக்கு நன்மை செய்த மருந்து. எடைக்குத் தக்கபடி குறைத்துக் கொடுத்தால் போதுமென்று எண்ணினர். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மருத்துவர்கள், பனிக்குடம் உடைந்து நெடுநேரம் கழித்துப் பிறந்த குறைமாதக் குழந்தைகளை நான்கு பிரிவாக்கி ஒப்பிட்டு, 1959-ல் முடிவை வெளியிட்டனர். மருந்தே பெறாத குழந்தைகளைக் காட்டிலும் குளோராம்பெனிகால் பெற்ற குழந்தைகளிடையே இறப்பு ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது! முதிர்ச்சியடையாத கல்லீரலால் அம்மருந்தை மாற்றி வெளியேற்ற முடியவில்லை. அது இரத்தத்தில் தேங்கிற்று. உடல் சாம்பல் நிறம் கொண்டது. இரத்த ஓட்டம் நிலைகுலைந்தது. கொடுத்தவர் எவரும் கொடியவர் அல்லர். காப்பாற்றும் எண்ணத்துடனேயே கொடுத்தனர். எண்ணம் தூய்மையாக இருந்தது. அறிவோ குறைவாக இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்காதிருந்தால் அந்த இறப்புக்கள் குறைமாதத்தின் மீதே பழிபோடப்பட்டு, கணக்கில் வராமலே போயிருக்கும்.

ஆகவே, சோதனை செய்யாதிருப்பது சோதனையிலிருந்து விடுதலை ஆகாது. அளவு அறியாமல் மருந்து கொடுக்கும் ஒவ்வொரு மருத்துவரும் தம்மை அறியாமலே சோதனை நடத்துகிறார். வேறுபாடு என்னவெனில், அச்சோதனையிலிருந்து எவரும் எதையும் கற்பதில்லை. அடுத்து வரும் குழந்தையும் அதே இருளில்தான் கிடத்தப்படுகிறது.

இதய மருந்துகளின் நிலையும் இதற்குப் பெரிதும் வேறுபட்டதன்று. குறைமாதக் குழந்தையின் சராசரி இரத்த அழுத்தம் அதன் கர்ப்ப வாரங்களின் எண்ணுக்குக் கீழே இறங்கலாகாது என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு வழக்கு; அது வழக்கேயன்றி, உறுதியான சான்றின் மீது எழுந்த சட்டமன்று. அழுத்தம் போதுமானதாகக் காணப்படும்போதே இரத்த ஓட்டம் குன்றியிருத்தல் கூடும். சிட்னி நகர மருத்துவர்கள் 42 குழந்தைகளிடம் டோபமீன், டோபுடமீன் என்னும் இரு மருந்துகளை ஒப்பிட்டு 2002-ல் முடிவை வெளியிட்டனர். டோபமீன் அழுத்தத்தை அதிகம் உயர்த்தியது. ஓட்டத்தை அதிகம் உயர்த்தியதோ டோபுடமீன். கருவியில் தெரியும் எண் உயர்ந்ததைக் கண்டு மகிழ்ந்தவர்கள், குழந்தைக்குத் தேவைப்பட்டது அதுதானா என்று மீண்டும் சிந்திக்க வேண்டியதாயிற்று. அந்த டோபுடமீனின் அளவோ, ஒரு கிலோ எடைக்கு நிமிடத்திற்கு 5 மைக்ரோகிராம் முதல் 20 மைக்ரோகிராம் வரை என்று வழங்குகிறது. நான்கு மடங்கு இடைவெளி! அந்த இடைவெளியில்தான் நம் அறியாமை குடியிருக்கிறது.

இனி, உரிமை பற்றிய வினாவுக்கு வருவோம். குழந்தைக்காகக் கையெழுத்திடுபவர் அதன் தந்தை அல்லது தாய். அவர் அக்குழந்தைக்கு உரிமையாளர் அல்லர். வலீ, அதாவது பொறுப்பாளர் மட்டுமே. அநாதையின் பொருளை நிர்வகிப்பவர் அதைக் கொண்டு தர்மம் செய்து நற்பெயர் ஈட்ட ஃபிக்ஹு அறிஞர்கள் இடந்தருவதில்லை. தன் பொருளை வாரி வழங்குவது வள்ளன்மை. பிறர் பொருளை வாரி வழங்குவது அமானித மோசடி. பொருளுக்கே இந்த வரம்பு என்றால், உடலுக்கு எத்தகைய வரம்பு வேண்டும்! 'பிற்காலக் குழந்தைகளின் நன்மைக்காக' என்ற ஒரே காரணத்தைச் சொல்லி, இக்குழந்தையை ஆபத்தில் நிறுத்த எந்தத் தந்தைக்கும் அதிகாரமில்லை என்பதே நம் கருத்து.

அப்படியாயின் வழியே இல்லையா? உண்டு. இரு சிகிச்சைகளுள் எது சிறந்ததென்று உண்மையாகவே எவருக்கும் தெரியாதபோது, குழந்தை எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் அறிந்த நன்மை எதையும் இழப்பதில்லை. 925-ஐ ஒட்டி மறைந்த அர்-ராஸீ, மூளைக் காய்ச்சலின் அறிகுறி கண்ட நோயாளிகளில் ஒரு சாராருக்கு இரத்தம் வெளியேற்றி, மறு சாராரை வேண்டுமென்றே விட்டுவைத்து ஒப்பிட்டதாகக் குறித்துள்ளார். அவர் உள்ளத்தில் இருந்தது உண்மையான ஐயமானால் அது ஆராய்ச்சி. இரத்தம் வெளியேற்றுவதே உயிர்காக்கும் என்று உறுதியாக நம்பியிருந்தாரானால், விட்டுவைக்கப்பட்டவர்கள் அவர் மீது வழக்குரைக்கலாம். ஐயத்தின் நேர்மையே இங்கு நீதியின் உரைகல்.

ஆயினும் ஒன்றை மறைத்தலாகாது. மருந்து இரத்தத்தில் எவ்வளவு தங்குகிறது என்றறிய எடுக்கும் துளி இரத்தம் அக்குழந்தையின் நன்மைக்கானதன்று. அறிவுக்கு அது செலுத்தும் வரி. அவ்வரி மிக மிகச் சிறியதாக இருக்க வேண்டும். பல குழந்தைகளிடம் ஓரிரு துளிகளே பெற்று, அவற்றைக் கணிதத்தால் இணைத்து அளவை உய்த்துணரும் முறை இன்று வளர்ந்திருப்பது ஆறுதலளிக்கிறது.

சம்மதம் கேட்கும் வேளையும் நீதியைச் சார்ந்ததே. பிரசவ வேதனை தணியாத தாயிடம் காகிதத்தை நீட்டிப் பெறும் கையெழுத்து எத்தகைய சம்மதம்? இயன்றவரை பிரசவத்திற்கு முன்பே எடுத்துரைக்க வேண்டும்; மறுப்பவரின் குழந்தைக்கும் கவனிப்பு அணுவளவும் குறையலாகாது. மறுபுறம், இத்தயக்கத்திற்கும் ஒரு விலை உண்டு. ஐரோப்பாவிலும் கனடாவிலும் டோபமீனின் பயனை அறிய 830 குழந்தைகளைச் சேர்க்கத் திட்டமிட்ட ஆராய்ச்சி, 58 பேரோடு நின்றுபோயிற்று. 2021-ல் வெளியான அதன் முடிவு, கேட்ட கேள்விக்கு விடை தர இயலாததாயிற்று. பெற்றோரை நாம் குறை கூறோம். ஆனால் அந்தக் கேள்வி இன்னும் தொட்டிலருகே நிற்கிறது.

சிட்னியில் 90 குறைமாதக் குழந்தைகளிடம் மில்ரினோன் என்னும் மருந்தைச் சோதித்து 2009-ல் வெளியிட்ட முடிவு, இரத்த ஓட்டம் குன்றாமல் காப்பதில் அது வெறும் கரைசலினும் மேம்பட்டதன்று என்பதே. வீண்முயற்சி என்று சிலர் கூறுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. பயனற்றதைப் பயனற்றதென்று அறிவதும் ஒரு பாதுகாப்பே. அத்தொண்ணூறு குழந்தைகளின் பெயரை நாம் அறியோம். தாம் கொடுத்தது இன்னதென்று அவர்களும் அறியார். அவர்கள் கொடையாளிகள் அல்லர். கொடுக்கச் சம்மதித்தவர்களும் அல்லர். ஆகவே நாம் அவர்களுக்கு நன்றி மட்டும் சொல்லித் தப்பிவிட முடியாது. அவர்களிடம் நாம் பட்டிருப்பது கடன். அடுத்த குழந்தைக்கு அறியாமையால் அல்லாது அறிவால் மருந்தளிப்பது ஒன்றே, அக்கடனை அடைக்கும் வழியாகும்.