எந்தப் பந்தியில் உட்காருகிறாய்?

சீடன்: ஐயா, கருங்கல் பக்கம் ஒரு சபையின் பொறுப்பை ஏற்கப் போகிறேன். விடியற்காலை ஜெபம், நாள்தோறும் வேத வாசிப்பு, வாரம் ஒரு நாள் உபவாசம் என்று எனக்கொரு ஒழுங்கு எழுதி வைத்திருக்கிறேன். தலைவனாக வளர இவை போதுமா?

குரு: இவை வேண்டும், ஒன்றையும் விடாதே. ஆனால் எல்லாமே நீ தனியாக இருக்கிற நேரத்துப் பழக்கங்கள். நீ எழுதிய ஒழுங்கில் இன்னொரு மனிதனுக்கு இடமே இல்லை. ஒரு கிறிஸ்தவத் தலைவன் வளர்ந்திருக்கிறானா என்பதை, அவன் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்பதில்தான் நான் பார்ப்பேன். பேதுருவை எடுத்துக்கொள். யோப்பாவில் மேல்வீட்டில் ஜெபிக்கப் போனபோதுதான் அவருக்குத் தரிசனம் கிடைத்தது. எந்த மனுஷனையும் தீட்டென்று தள்ளக்கூடாது என்று விளங்கிக்கொண்டு கொர்நேலியுவின் வீட்டுக்கும் போனார். அதே பேதுரு பிறகு அந்தியோகியாவில், யாக்கோபினிடமிருந்து ஆட்கள் வந்ததும், புறஜாதியாரோடு சாப்பிடுவதை விட்டு விலகிக்கொண்டார். பவுல் எல்லாருக்கும் முன்பாக அவரைக் கண்டித்ததைக் கலாத்தியர் நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பேதுருவுக்கு ஜெபம் குறைவா, வெளிச்சம் குறைவா? இரண்டும் இருந்தன. விளங்கிக்கொண்டது இன்னும் உடம்பில் ஊறவில்லை; அதனால் நாலு பேர் பார்வைக்குப் பயந்து எழுந்துவிட்டார். அறிவு பழக்கமாகாதவரை, ஆள் வந்தால் ஓடிவிடும்.

சீடன்: அது யூதருக்கும் புறஜாதியாருக்கும் இருந்த சிக்கல். இன்றைக்கு நாமெல்லாம் ஒரே ஆலயத்தில்தானே ஆராதிக்கிறோம்?

குரு: ஒரே ஆலயத்தில் ஆராதிப்பது எவ்வளவு தூரம் மாற்றும் என்பதை வடக்கன்குளத்தில் பார். உனக்குப் பக்கத்திலுள்ள நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, பத்மநாபபுரம் அரண்மனை ஊழியர். குளச்சல் போரில் பிடிபட்டு, பின்னர் திருவிதாங்கூர் படையை நடத்திய டி லனாயின் பழக்கத்தால் விசுவாசத்துக்கு வந்து, 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அவர் குருவானவர் அல்ல, குடும்பஸ்தர். சாதி பாராமல் எல்லாரோடும் கலந்து பழகினார். அது அவருக்கு எதிராகப் பலரையும் மூட்டிவிட்டது. 1749இல் சிறைப்பட்டு, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். இப்படிப்பட்டவர் ஞானஸ்நானம் பெற்ற அதே ஊரில், நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து, சாதிக்கொரு பக்கமாக இரண்டு கால்களாய்ப் பிரித்து ஒரு கோவில் எழும்பிற்று. ஒரே பீடம், ஒரே பூசை, நடுவில் தடுப்பு. 1910 வாக்கில்தான் அந்தத் தடுப்பு போயிற்று. அங்கே தினமும் ஜெபித்தவர்களின் பக்தி பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த பக்தி தானாகத் தடுப்பை இடிக்கவில்லை. 2022 மே 15 அன்று அவரைப் புனிதராக அறிவித்தபோது, சாதிப்பெயரை விட்டுவிட்டுத் தேவசகாயம் என்றே அறிவித்தார்கள். அதற்கு 270 வருஷம் ஆனதை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

சீடன்: எல்லாரோடும் சமமாகப் பழகினால் பொறுப்புக்குரிய மரியாதை போய்விடாதா? சபையார் சொல் கேட்கமாட்டார்களே.

குரு: ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்த மிஷனரி. சம்பளத்தின் பெரும்பங்கை மற்றவர்களுக்கே கொடுத்துவிட்டு எளிமையாய் வாழ்ந்தார். 1816இல் உடல்நலம் கெட்டு இந்த நாட்டை விட்டுப் போனபோது, சபைகளை மகாராசன் வேதமாணிக்கத்தின் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனார். 1818இல் அடுத்த மிஷனரி மீட் ஐயர் வரும்வரை அந்தச் சபைகள் கலைந்துபோகவில்லை. சாதிக் கொடுமை உச்சத்தில் இருந்த திருவிதாங்கூரில், உள்ளூர் மனிதர் ஒருவரை நம்பிப் பொறுப்பைக் கொடுக்க, அவரோடு பல வருஷம் நெருங்கி உழைத்திருக்க வேண்டும். எட்டி நின்றவனுக்குத் தன் இடத்தில் நிறுத்த ஆள் அகப்படாது. எட்டி நிற்பதால் கிடைப்பது பயம். அதை மரியாதை என்று எண்ணி ஏமாறாதே, மக்களே.

சீடன்: ஆனாலும் சேர்ந்து சாப்பிடுவது வெளிவேஷமாகிவிடலாமே? படத்துக்காகப் பந்தியில் உட்காருகிறவர்களும் இருக்கிறார்கள்.

குரு: நீ கேட்டதிலெல்லாம் கனமான கேள்வி இதுதான். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1910இல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில், மிஷனரிகளுக்கும் இந்திய ஊழியர்களுக்கும் நடுவே நட்பு இல்லை என்று நேருக்கு நேர் சொன்னார். கைகுலுக்குவதையும் நாற்காலி போடுவதையும் விருந்து கொடுப்பதையும் அவற்றுக்காகவே தாம் கேட்கவில்லை, நட்பின் அடையாளமாய் இருந்தால் அவை எல்லாம் வேண்டும் என்றும் விளக்கினார். இரண்டு வருஷம் கழித்து அவரே தோர்ணக்கல்லில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டே ஒன்று சேர்ப்பேன்: நட்பு வந்த பிறகு உட்காரலாம் என்று காத்திருப்பவன் கடைசிவரை உட்காரமாட்டான். ஒரு நாள் உட்காருவது வேஷமாகலாம். வருஷம் முழுக்க, படம் எடுக்க ஆளில்லாத வீட்டில், மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் சாப்பிட்டு, அந்த வீட்டுக் கடனையும் பிள்ளையின் படிப்பையும் கேட்டுக்கொண்டு உட்காருவது வேஷமாய் நிலைக்காது. கேட்டது மனதில் தங்கும். அடுத்த ஞாயிறு நீ ஜெபிக்கும்போது அந்த வீட்டாரின் பெயர் தானாக வாயில் வரும். உன் விடியற்கால ஜெபத்துக்கும் அதில்தான் உயிர் கிடைக்கும்.

சீடன்: அப்படியானால் எங்கே தொடங்கட்டும்?

குரு: வீடு சந்திப்பில் தொடங்கு. உனக்கு மட்டும் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, வீட்டார் சுவரோரம் நிற்பார்கள். அவர்களும் உட்காரும்வரை பேச்சைத் தொடங்காதே. யார் வீட்டுக்கு இதுவரை எந்த ஊழியரும் போகவில்லை என்று விசாரித்து, அங்கே முதலில் போ. சபைத் திருநாளின் அன்பின் விருந்தில் உனக்கும் பெரிய மனிதருக்கும் தனி அறையில் இலை போட்டிருப்பார்கள். முதல் வருஷமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பந்தலுக்குள் வந்து, கிடைத்த இடத்தில் உட்கார். கமிட்டியார் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், அந்த அறையில் ஒரு முறை உட்கார்ந்துவிட்டால் அடுத்த வருஷம் எழுந்து வருவது இதைவிடக் கஷ்டம்.